போனில் ஜிப் ஃபைல் சீக்கிரம் பிரிய: கடையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் மொபைல் சர்வீசும் ஜெராக்சும் சேர்ந்த சின்னக் கடை என்னுடையது. சில வாரம் டிஸ்ப்ளே மாற்ற வருகிறவர்களை விட, "இந்த ஜிப் பிரிய மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்க" என்று வருகிறவர்கள் அதிகம். குரூப் 4 நோட்ஸ் வாங்கிய பிள்ளைகள், ராணிப்பேட்டை தோல் கம்பெனிகளில் கணக்கு எழுதுகிறவர்கள், ஆரணியில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவர்கள், வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் வெளிமாநிலத்தார் என்று எல்லாரும் உண்டு. கையில் இருப்பது பெரும்பாலும் 2 அல்லது 3 ஜிபி ரேம் உள்ள, சில வருஷம் ஓடிய போன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன்.

1. அண்ணா, ஜிப் ஃபைல்னா இன்னா? அதை ஏன் பிரிச்சுத்தான் பாக்கணும்?

பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டுவது, கட்டும்போதே அளவைச் சுருக்குவது என்று இரண்டு வேலை அதில் உண்டு. சுருக்குவது எப்படி என்று தெரிய வீட்டில் இருக்கும் பழைய கிரயப் பத்திரத்தைப் பாருங்கள். "வட ஆற்காடு மாவட்டம், குடியாத்தம் வட்டம்" என்று ஒரு முறை எழுதிவிட்டு, அப்புறம் "ஷை மாவட்டம், ஷை வட்டம்" என்றே ஓட்டியிருப்பார்கள்; 'ஷை' என்றால் 'மேற்படி'. ஜிப்பும் அப்படித்தான். முன்னால் வந்த எழுத்துத் தொடர் மறுபடி வந்தால், "இத்தனை எழுத்து பின்னால் போ, அங்கிருந்து இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்" என்று ஒரு சின்னக் குறிப்பை மட்டும் வைக்கும். லெம்பல், ஸிவ் என்ற இருவர் 1977-இல் சொன்ன முறை இது. அடிக்கடி வருவதற்குக் குட்டிக் குறியீடு, அபூர்வமாக வருவதற்கு நீளக் குறியீடு என்று கொடுப்பது ஹஃப்மனின் 1952 முறை. ஜிப் வடிவத்தை 1989-இல் கொண்டுவந்தவர் ஃபில் கட்ஸ். இன்றைய ஜிப்பில் பெரும்பாலும் ஓடும் டிஃப்ளேட், இந்த இரண்டு முறைகளின் சேர்க்கை.

பிரிப்பது என்றால், ஒவ்வொரு 'ஷை'க்கும் உரிய பழைய எழுத்தைத் தேடி எடுத்து முழுசாக எழுதுவது. டிஃப்ளேட் 32 கேபி தூரம் வரைதான் திரும்பிப் பார்க்கும் என்பதால் இதற்கு ரேம் ஏறக்குறைய வேண்டவே வேண்டாம். பழைய போனுக்கு இது பெரிய வரம். 8-ஆம் கேள்வியில் இது மறுபடி வரும்.

2. லேப்டாப்ல டக்குனு பிரியுது. அதே ஃபைல் என் போன்ல டீ குடிச்சுட்டு வந்தாலும் ஓடிக்கிட்டே கீது. ஏன்?

பிரிக்கும்போது போன் நாலு வேலை செய்கிறது. ஜிப்பைப் படிக்கிறது, 'ஷை'களை விரிக்கிறது, சரியாக வந்ததா என்று ஒரு கூட்டுத்தொகை போட்டுச் சரிபார்க்கிறது, கடைசியில் ஸ்டோரேஜில் எழுதுகிறது. நம் ஊரில் அதிகம் புழங்கும் விலை குறைந்த போன்களில் கார்டெக்ஸ் ஏ53, ஏ55 வகைக் கோர்கள்தான் (ப்ராசசருக்குள் கணக்குப் போடும் பகுதிகள்) இருக்கும். பேட்டரியைச் சேமிக்கச் செய்யப்பட்டவை. கட்டளைகளை வந்த வரிசையிலேயே செய்யும், லேப்டாப் சிப் மாதிரி முன்பின் மாற்றி நேரம் மிச்சம் பிடிக்காது. ஸ்டோரேஜும் இஎம்எம்சி என்ற பழைய வகை.

ஆனால் என் மேசைக்கு வரும் போன்களில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது விரிக்கும் இடத்தில் இல்லை, எழுதும் இடத்தில். அதனால்தான் "ப்ராசசர் வீக்கு, புது போன் வாங்கு" என்று நான் எடுத்த எடுப்பில் சொல்வதில்லை.

3. எங்க மாட்டுதுன்னு நானே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ரார் என்ற பிரிக்கும் செயலியில் (11-ஆம் கேள்வியில் வரும்) ஃபைலைத் தேர்ந்தெடுத்தால் 'டெஸ்ட்' என்று ஒரு வசதி இருக்கும். அது ஜிப்பைப் படிக்கும், விரிக்கும், சரிபார்க்கும்; எழுதாது. டெஸ்ட் சட்டென்று முடிந்து, எக்ஸ்ட்ராக்ட் மட்டும் இழுத்தால் பிரச்சினை ஸ்டோரேஜில். டெஸ்ட்டே இழுத்தால் ப்ராசசரிலோ, கட்டிய முறையிலோ, சூட்டிலோ இருக்கிறது. கீழே உள்ள பதில்களில் உங்களுக்கு எது பொருந்தும் என்று இதை வைத்தே பார்த்துக்கொள்ளலாம்.

4. ஜிப் மெமரி கார்டுல இருக்குது, அங்கேயே பிரிக்கிறேன். அது தப்பா?

தப்பில்லை, ஆனால் இருப்பதிலேயே மெதுவான வழி அதுதான். கார்டில் 10 என்ற எண் ஒரு வட்டத்துக்குள் இருக்கும். விநாடிக்குக் குறைந்தது 10 எம்பி எழுதும் என்பதே அதற்கு அர்த்தம். 1.5 ஜிபி எழுத, அந்தக் கணக்கில் இரண்டரை நிமிஷம். ஆனால் அதே கார்டிலிருந்து படித்துக்கொண்டே அதே கார்டில் எழுதினால் இரண்டு வேலையும் ஒன்றை ஒன்று தடுக்கும். கார்டின் மேல் பெரிதாக 100 என்று போட்டிருப்பது பொதுவாகப் படிக்கும் வேகம். எழுதும் வேகம் இல்லை.

ஜிப் கார்டில் இருக்கட்டும், பிரித்தது போனின் உள் ஸ்டோரேஜில் விழட்டும். இதை மாற்றினாலே பாதிப் பேர் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. வேலை முடிந்த பிறகு வேண்டுமானால் கார்டுக்கு நகர்த்திக்கொள்ளலாம். கார்டு வாங்கும்போது ஏ1 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். சின்னச் சின்ன எழுத்துகளை விநாடிக்கு 500 முறையாவது தாங்கும் என்ற உத்தரவாதம் அது. பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் பாதி விலைக்குக் கிடைக்கும் கார்டுகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

5. ஜிப் 900 எம்பி, போன்ல 1 ஜிபி காலி இருக்கு. அப்புறமும் பாதியில நின்னு பூடுதே?

ஜிப்பும் அங்கேயே இருக்கும், பிரித்ததும் அங்கேயே வந்து சேரும். 900 எம்பி ஜிப் விரிந்தால் 1.5 ஜிபியோ 2 ஜிபியோ ஆகலாம். செயலியில் ஜிப்பின் மேல் விரலை அழுத்திப் பிடித்து விவரம் பார்த்தால், விரிந்த பிறகு எவ்வளவு வரும் என்று காட்டும். அதைப் பார்க்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

இடம் போதும் என்றாலும், ஸ்டோரேஜ் விளிம்பு வரை நிரம்பியிருந்தால் எழுதும் வேகம் விழும். பழையதை ஓரம் தள்ளி, அழித்து, அதன் பிறகே புதியதை எழுத வேண்டியிருப்பது இந்த மெமரியின் இயல்பு. வாட்ஸ்அப் குரூப்பில் வந்த காலை வணக்கப் படங்களையும் வீடியோக்களையும் முதலில் அழியுங்கள். பல போன்களில் 4, 5 ஜிபி அங்கேதான் கிடக்கிறது.

6. ரெண்டு ஜிப்பும் 300 எம்பி. ஒண்ணு சட்டுனு பிரிஞ்சுது, இன்னொண்ணு ஊர்ந்து போவுது. எப்படி?

உள்ளே எத்தனை ஃபைல் என்று பாருங்கள். இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நோயாளியோடு வந்தவர்கள், கையில் சி.டி. ஸ்கேன் படங்களின் ஜிப் இருக்கும். ஒரு சி.டி. படத் துண்டு 512-க்கு 512 புள்ளி, புள்ளிக்கு 2 பைட், ஆக அரை எம்பி. 600 துண்டு என்றால் 300 எம்பி. திறந்து பார்த்தால் ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் பெயர் என்று சொல்ல முடியாத எழுத்தும் எண்ணுமாக வரிசையாக ஃபைல்கள். 300 எம்பி வீடியோ ஒன்றை எழுதும்போது ஒரே ஒரு முறை ஃபைல் திறந்து மூடினால் போதும். இங்கே 600 முறை பெயர் பதிந்து, இடம் ஒதுக்கி, எழுதி, மூட வேண்டும்.

ஆண்ட்ராய்டு 11 முதல் பொது ஸ்டோரேஜில் உருவாகும் ஒவ்வொரு ஃபைலும் மீடியா ப்ரொவைடர் என்ற இடைத்தட்டு வழியாகப் போகிறது. பாதுகாப்புக்கு நல்லது, ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களுக்குப் பாரம். நோட்ஸ் பக்கங்களை ஜேபெக் படமாக வைத்திருந்தால் கேலரியும் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றுக்கும் குட்டிப் படம் தயாரிக்கும். இதைத் தடுக்க, பிரிக்கப்போகும் ஃபோல்டரில் முதலில் ஒரு காலி ஃபைல் உருவாக்குங்கள்: புள்ளி வைத்து, நோமீடியா என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல். கேலரி அந்தப் பக்கம் வராது.

ஸ்கேன் ஜிப்புக்கு என் பதில் வேறு. ஊரில் இருக்கும் டாக்டருக்கு அனுப்பத்தானே வேண்டும்? பிரிக்காதீர்கள். ஜிப்பை அப்படியே வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள், 2 ஜிபி வரை போகும். அவர் கம்ப்யூட்டரில் பிரித்துப் பார்த்துக்கொள்வார். போனில் பிரித்தாலும் சாதாரண கேலரியில் அந்தப் படங்கள் திறக்காது.

7. எனக்கு உள்ள இருக்கிற ஒரு பிடிஎஃப்தான் வேணும். மொத்தமும் பிரிச்சாகணுமா சார்?

ஜிப்பாக இருந்தால் வேண்டாம். எந்த ஃபைல் எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல் ஜிப்பின் கடைசியில் இருக்கிறது, ஒவ்வொரு ஃபைலும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டிருக்கிறது. எக்ஸ்ட்ராக்ட் பட்டனை அழுத்தாமல் ஜிப்பைத் தட்டித் திறந்து, வேண்டியதை மட்டும் அழுத்திப் பிடித்து எடுங்கள். 40 பாட நோட்ஸில் இன்று படிக்கப்போவது ஒன்றுதானே.

ஜிப் மாதிரியே இன்னொரு வடிவமான செவன் ஜிப்பில் இது பலிக்காது. அதில் 'சாலிட்' முறை வழக்கம்: எல்லா ஃபைலையும் ஒரே தொடராக்கிச் சுருக்குவது. பத்தாவது பத்திரத்தில் உள்ள 'ஷை' முதல் பத்திரத்தைக் காட்டினால், முதலிலிருந்து படித்துக்கொண்டு வந்தாக வேண்டும் இல்லையா? கடைசி ஃபைலை மட்டும் கேட்டாலும் போன் முன்னால் உள்ளதையெல்லாம் விரித்துத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் அதைத் தரும். சாலிட் ரார் ஃபைலும் இப்படியே.

8. செவன் ஜிப்ல கட்டினா சைஸ் இன்னும் குறையுதே. டேட்டாவும் மிச்சம். அதுல அனுப்பினா என்ன?

டேட்டா மிச்சம், உண்மை. இகோர் பாவ்லோவின் செவன் ஜிப்பில் ஓடும் எல்இசட்எம்ஏ முறை 32 கேபியோடு நிற்காமல் பல எம்பி தூரம் வரை திரும்பிப் பார்க்கும். அந்தத் தூரத்துக்கு 'டிக்‌ஷனரி' என்று பெயர். கட்டும்போது அதை எவ்வளவு வைத்தார்களோ, கிட்டத்தட்ட அவ்வளவு ரேம் பிரிக்கும்போதும் வேண்டும். கம்ப்யூட்டரில் 'அல்ட்ரா' என்று அழுத்திக் கட்டினால் அது 64 எம்பி, புதிய பதிப்புகளில் அதற்கும் மேல். 2 ஜிபி போனில் ஆண்ட்ராய்டும் வாட்ஸ்அப்பும் எடுத்தது போக இருப்பதே கொஞ்சம். செயலி பாதியில் காணாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

வேகமும் டிஃப்ளேட்டை விடப் பல மடங்கு குறைவு, ஏனென்றால் அது ஒவ்வொரு பிட்டுக்கும் கணக்குப் போட்டு நகரும். பிஇசட்2 என்று முடியும் ஃபைல்களும் பிரிப்பதற்கு மெதுவானவைதான். டவுன்லோடில் மிச்சம் பிடித்த நேரத்தைப் பிரிக்கும்போது வட்டியோடு கட்டுகிறோம். வீட்டில் வைஃபை இருக்கிறவர்களுக்கு இது சுத்த நஷ்டம்.

9. அப்போ போன்ல பாக்குறவங்களுக்கு எப்படிக் கட்டி அனுப்பணும்?

இதைக் கேட்பவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் இந்தப் பக்கத்தில் முக்கியமான கேள்வி இதுதான். ஒருவர் கட்டுகிறார், குரூப்பில் 500 பேர் பிரிக்கிறார்கள். கட்டுகிறவர் இரண்டு நிமிஷம் யோசித்தால் 500 போன்களுக்கும் வேலை குறையும். முதல் விஷயம், ஜேபெக், எம்பி4, எம்பி3, ஸ்கேன் செய்த பிடிஎஃப் எல்லாம் ஏற்கெனவே சுருக்கியவை. மறுபடி சுருக்கினால் நூற்றுக்கு ஒன்றிரண்டுகூடக் குறையாது, போனுக்கு மட்டும் வேலை கூடும். கம்ப்யூட்டரில் கட்டும்போது சுருக்க அளவில் 'ஸ்டோர்' என்று வையுங்கள். அப்போது பிரிப்பது வெறும் காப்பிதான். வேர்டு, எக்செல் புதிய வடிவ ஃபைல்கள் உள்ளுக்குள் ஜிப்பேதான்; அவையும் இந்தக் கணக்கில் சேரும்.

பிஎம்பி படம், டெக்ஸ்ட், பழைய எக்செல் நன்றாகச் சுருங்கும். ஆரணிக்காரர் ஒருவர் கொண்டுவரும் சேலை டிசைன்கள் பிஎம்பி. உடல் பகுதி முழுக்க ஒரே நிறம், நடுநடுவே அதே புட்டா திரும்பத் திரும்ப. 'ஷை' போட இதைவிடத் தோதான சரக்கு கிடைக்காது. இவற்றுக்குச் சாதாரண ஜிப், 'நார்மல்' அளவு. டிஃப்ளேட்டில் அளவைக் கூட்டினால் கட்டுகிறவருக்குத்தான் நேரம் கூடும். பிரிக்கிறவருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

கடைசியாக, எல்லாவற்றையும் ஒரே ராட்சத ஜிப்பாக்காமல் பாடவாரியாகவோ மாதவாரியாகவோ பிரித்துக் கட்டுங்கள். 200 படமாக இருக்கும் நோட்ஸை ஒரே பிடிஎஃப் ஆக்கிவிட்டால், 6-ஆம் கேள்வியில் சொன்ன குட்டி ஃபைல் தொல்லை மொத்தமாகப் போய்விடும். அப்போது ஜிப்பே வேண்டியதில்லை.

10. ரார் ஃபைல் வந்தா என்ன பண்றது?

அதைப் பிரிக்கும் செயலி வேண்டும், அவ்வளவுதான். யூஜின் ரோஷல் உருவாக்கியது, ரோஷல் என்ற பெயரின் முதல் எழுத்துதான் ராரின் முதல் எழுத்து. வேகத்திலும் ரேம் தேவையிலும் ஜிப்புக்கும் செவன் ஜிப்புக்கும் நடுவில் நிற்கும். பார்ட்1, பார்ட்2 என்று வந்தால் எல்லாப் பாகமும் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். முதல் பாகத்தைத் தட்டினால் போதும்.

11. எந்த ஆப் போடலாம் அண்ணா?

சின்ன ஜிப்புக்குப் போனோடு வந்த ஃபைல் மேனேஜரே போதும். பெரியது, செவன் ஜிப், ரார், பாஸ்வேர்டு என்றால் நான் போட்டுக்கொடுப்பது இசட்ஆர்க்கைவர் அல்லது ரார்லேபின் ரார் செயலி. பிரிக்கும்போது முழுத்திரை விளம்பரம் ஓட்டும் செயலிகள் வேண்டாம். விளம்பர வீடியோவை விரிப்பதும் அதே பாவப்பட்ட ப்ராசசர்தான்.

12. ரேம் கிளீனர், பூஸ்டர் போட்டா வேகமாகுமா?

ஆகாது. அது மூடும் செயலிகளை ஆண்ட்ராய்டு திரும்பத் திறக்கும். அந்த வேலை உங்கள் ஜிப்போடு போட்டி போடும். அழித்துவிடுங்கள்.

13. மத்தியானம் பிரிச்சா ஸ்லோ, ராத்திரி அதே ஃபைல் ஃபாஸ்ட். போன் கெட்டுப்போச்சா?

போன் நன்றாகத்தான் இருக்கிறது, வேலூர் வெயில்தான். சிப் குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். போனுக்குள் ஃபேன் கிடையாது. சூடு பின்மூடி வழியாகத்தான் வெளியே போக வேண்டும். கத்திரி வெயிலில் நம் ஊர் 40 டிகிரியைத் தாண்டும்போது வெளிக்காற்றே சுடுகிறது, போனின் சூடு எங்கே போகும்? பைக் ஹேண்டிலில் மாட்டி மேப் ஓட்டிக்கொண்டு வந்து, கடை வாசலில் நின்றபடியே பிரித்துப் பார்த்தால் ஆமை வேகம்தான்.

சார்ஜில் போட்டுக்கொண்டு பிரித்தால் பேட்டரியின் சூடும் சேர்ந்துகொள்ளும். முதலில் சார்ஜ், பிறகு பிரிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். தடித்த ரப்பர் கவரைக் கழற்றி, மெத்தை மேல் வைக்காமல் சிமெண்டுத் தரையிலோ ஃபேன் காற்றிலோ வையுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், உள்ளே ஈரம் படிந்து போர்டு போய்விடும். பேட்டரி சேவர் ஆனில் இருந்தாலும் வேகம் குறையும், அதையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

14. பிரிஞ்சுக்கிட்டு இருக்கும்போது வேற ஆப் பாக்கலாமா? ஸ்க்ரீனை ஆஃப் பண்ணலாமா?

பார்க்கலாம், ஆனால் நேரம் கூடும். திரையில் இல்லாத செயலியை ஆண்ட்ராய்டு பொதுவாக மெதுவான கோர்களுக்குத் தள்ளிவிடும். ரேம் போதவில்லை என்றால் மொத்தமாகவே மூடிவிடும். சில கம்பெனிகளின் போன்கள் பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று திரை அணைந்த சில நிமிஷத்தில் கொன்றுவிடுகின்றன. அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரி அமைப்பில் 'கட்டுப்பாடு இல்லை' என்று மாற்றிவையுங்கள். பெரிய ஃபைல் என்றால் திரையில் அப்படியே விட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள்.

15. பெட்டியில எட்டு கோர்னு போட்டிருந்தானே, ஒரு கோர்தான் ஓடுதுன்னு பையன் சொல்றான். மீதி ஏழு என்ன பண்ணுது?

பையன் சொல்வது சரி. ஒரு தொடரில் உள்ள 'ஷை' முன்னால் விரித்ததைச் சார்ந்து இருக்கிறது. அதை விரித்து முடிக்காமல் இதை விரிக்க முடியாது. அதனால் ஒரு டிஃப்ளேட் தொடரை ஒரே கோர்தான் விரிக்கும். ஜிப்பில் உள்ள தனித்தனி ஃபைல்களை ஆளுக்கு ஒன்றாகக் கோர்களுக்குக் கொடுக்க முடியும். ஆனால் பெரும்பாலான செயலிகள் அப்படிச் செய்வதில்லை. எட்டு என்ற எண்ணிலும் மயங்க வேண்டாம். ஹீலியோ பி35 போன்ற சிப்பில் எட்டுமே 2-ஆம் பதிலில் சொன்ன ஏ53 கோர்கள்தான்.

ஒரே சமயத்தில் மூன்று ஜிப்பை மூன்று செயலியில் பிரித்துப் பார்க்கும் கெட்டிக்காரர்களும் வருகிறார்கள். 3-ஆம் கேள்வியின் டெஸ்ட்டில் பிரச்சினை ஸ்டோரேஜ் என்று வந்திருந்தால் இதனால் இன்னும் மெதுவாகும்.

16. பாஸ்வேர்டு போட்டதும் கொஞ்ச நேரம் அப்படியே நிக்குது. ஹேங்கா?

இல்லை, வேண்டுமென்றே வைத்த தாமதம். செவன் ஜிப் உங்கள் பாஸ்வேர்டிலிருந்து சாவி உண்டாக்க, எஸ்எச்ஏ-256 கணக்கை 5,24,288 சுற்று ஓட்டுகிறது. திருடன் லட்சம் பாஸ்வேர்டு போட்டுப் பார்ப்பதைக் கஷ்டமாக்கத்தான் இது. லேப்டாப்பில் தெரியாது, ஏ53-இல் தெரியும். ஆரம்பத்தில் ஒரு முறைதான், அப்புறம் ஓடிவிடும். நோட்ஸ் ஜிப்புக்குப் பாஸ்வேர்டு போட்டு, அதே மெசேஜில் பாஸ்வேர்டையும் அனுப்புகிறவர்களிடம் இதை யாராவது எடுத்துச் சொல்லலாம்.

17. 99 சதவீதம் வந்துட்டு சிஆர்சி எரர்னு வருது. ஆப்பை மாத்தினா சரியாகுமா?

ஆகாது. 2-இல் சொன்ன கூட்டுத்தொகை ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். டவுன்லோடு பாதியில் விட்டுத் தொடர்ந்தபோது ஏதோ கெட்டுப்போயிருக்கிறது, இல்லாவிட்டால் கார்டு கெட்டுக்கொண்டிருக்கிறது. அனுப்பியவரிடம் ஃபைலின் அளவை பைட் கணக்கில் கேட்டு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் மறுபடி இறக்குங்கள், இந்த முறை உள் ஸ்டோரேஜில். 4 ஜிபியை எட்டும் இடத்தில் நின்றால் வேறு கதை: கார்டு ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும், அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது.

18. தமிழ்ல பேர் வெச்ச ஃபைல் எல்லாம் கிறுக்கல் கிறுக்கலா வருதே?

வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனாலும் கேட்கிறார்கள். பெயர் யூனிகோடில் இருக்கிறது என்ற குறியைப் பழைய மென்பொருள்கள் ஜிப்பில் வைக்காது. செயலியின் அமைப்பில் என்கோடிங்கை யூடிஎஃப்-8 என்று மாற்றிப் பாருங்கள். உள்ளே இருக்கும் விஷயம் கெட்டிருக்காது.

19. சின்ன ஜிப்பைத் தொறந்தா போனே நின்னு பூடும்னு யூடியூப்ல சொல்றாங்களே, நிசமா?

நிஜம். ஒரே எழுத்தைக் கோடிக்கணக்கில் எழுதிச் சுருக்கினால் எல்லாமே 'ஷை'தான். 42 கேபி மட்டுமே உள்ள ஒரு பழைய ஜிப் பிரசித்தம். ஜிப்புக்குள் ஜிப்பாக அடுக்கடுக்காக எல்லாவற்றையும் விரித்தால் 4.5 பெட்டாபைட், அதாவது 45 லட்சம் ஜிபி வரும். முதல் அடுக்கை மட்டும் பிரித்தால் ஒன்றும் ஆகாது. தெரியாத எண்ணிலிருந்து வந்த ஜிப் என்றால், 5-இல் சொன்னபடி விரிந்த அளவை முதலில் பார்த்துவிடுங்கள்.

20. நான் காட்பாடியில பி.டெக் படிக்கிறேன். என் ஆப்ல பாட ஃபைல்கள் இறங்கி விரியுது, பழைய போன்ல ரொம்ப இழுக்குது. ஜிப்பை விட்டுட்டு இசட்ஸ்டாண்டர்டு போடலாமா?

உங்கள் சர்வர், உங்கள் ஆப் என்றால் தாராளமாகப் போடலாம். யான் கோலே ஃபேஸ்புக்கில் இருந்தபடி 2016-இல் வெளியிட்ட முறை. டிஃப்ளேட்டை விடச் சில மடங்கு வேகமாக விரியும், எவ்வளவு அழுத்திக் கட்டினாலும் விரியும் வேகம் பெரிதாக மாறாது. அந்த உச்ச அளவுகளில் மட்டும் ரேம் தேவையைக் கவனியுங்கள். அவருடைய முந்தைய எல்இசட்4 இன்னும் வேகம், ஆனால் சுருக்கம் குறைவு. பொதுமக்களுக்கு அனுப்பும் ஃபைலுக்கு இரண்டுமே வேண்டாம். எல்லாப் போன் செயலியும் திறக்காது.

மாற்றுவதற்கு முன் உங்கள் கோடைப் பாருங்கள். என்னிடம் காட்டிய ஆப்களில் பெரும்பாலும் குற்றம் அங்கேதான். 1 கேபி, 4 கேபி என்று குட்டி பஃபரில் படிப்பது, ஒவ்வொரு பஃபருக்கும் திரையில் சதவீதத்தை மாற்றுவது, ஒவ்வொரு ஃபைலுக்கும் கட்டாய சிங்க் (உடனே ஸ்டோரேஜில் எழுதி முடிக்கச் சொல்வது) போடுவது. பஃபரை 64 கேபியோ 128 கேபியோ ஆக்குங்கள், சதவீதத்தை விநாடிக்கு நாலைந்து முறை மட்டும் காட்டுங்கள். விரித்ததைப் பொது ஸ்டோரேஜில் போடாமல் ஆப்பின் சொந்த இடத்தில் போட்டால் 6-இல் சொன்ன இடைத்தட்டு குறுக்கே வராது. டிஃப்ளேட்டை விரிக்கும் மென்பொருள் நூலகத்துக்கு இசட்லிப் என்று பெயர்; புதிய ஆண்ட்ராய்டுகளில் இருப்பது அதன் குரோமியம் பதிப்பு; ஏஆர்எம் சிப்புக்கான நியான் கட்டளைகள் அதில் உண்டு. பழைய இசட்லிப்பை நீங்களே ஆப்போடு கட்டி அனுப்பினால் அந்தப் பலனை இழப்பீர்கள். முழு ஃபைலையும் ரேமில் வைக்க முடிகிற அளவு என்றால் எரிக் பிகர்ஸின் லிப்டிஃப்ளேட்டையும் பாருங்கள், சாதாரண இசட்லிப்பை விட வேகம்.

இன்னொன்று, முழுசும் இறங்கும் வரை காத்திருக்காதீர்கள். ஜிப்பில் ஒவ்வொரு ஃபைலுக்கும் முன்னால் அதன் சொந்தத் தலைப்பு இருப்பதால் இறங்க இறங்கவே விரிக்கலாம். மொபைல் டேட்டா விரிக்கும் வேகத்தை விட மெதுவாக இருக்கும் இடங்களில், பேரணாம்பட்டுப் பக்கம் மாதிரி, இறங்கி முடியும்போது விரிப்பதும் முடிந்திருக்கும். எமுலேட்டரில் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்காமல், ஸ்டோரேஜ் முக்கால்வாசி நிரம்பிய ஒரு 2 ஜிபி போனில் மத்தியான நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். போன் இல்லாவிட்டால் கடைக்கு வாருங்கள், சர்வீசுக்கு வந்து வாங்காமல் விட்டுப்போனவை நாலைந்து டிராயரில் இருக்கின்றன.